காஸ்பர் பிரபுவின் காயாத மை

உலகம் தோன்றிய நாள் முதல் கொள்ளையும் நடக்கிறது, போரும் நடக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே சிவப்பு அங்கிக்குள் போட்டுத் தைத்து, மேலே பித்தளைப் பொத்தானும் வைத்த மேதை எங்கள் ஸ்லவோனியாவின் காஸ்பர் பிரபு ஒருவர்தான். அவருக்கு முன்னால் திருடர்கள் திருடினார்கள், வீரர்கள் சண்டை போட்டார்கள். ஒரே ஊரைச் சூறையாட இரண்டு கூட்டம் தனித்தனியாக நடந்து போகவேண்டியிருந்தது. எவ்வளவு செருப்பு வீண்! அதை மாற்றியதற்காகத்தான் எங்கள் சந்தைச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது. இடது மார்பில் கை வைத்திருப்பார். நாட்டுப்பற்று அங்கேதான் இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிரபுவின் ராணுவ வாழ்க்கை பதினேழு வயதிலேயே பிரகாசமாகத் தொடங்கியது. மேலதிகாரியைக் கன்னத்தில் அறைந்து முதல் ரெஜிமெண்டை விட்டு வந்தார். அடுத்து வேற்று நாட்டுப் படையில் சேர்ந்தார். அங்கேயும் மேலதிகாரி இருந்தார், அவருக்கும் கன்னம் இருந்தது. அப்புறம் அப்பா விட்டுப்போன பண்ணைக்குத் திரும்பி, பொழுதுபோகாமல் காட்டில் திருடர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தார். ஒரு மேதை இப்படி வீணாகிறானே என்று ஊரே கவலைப்பட்டது. குறிப்பாக, பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அந்தச் சமயத்தில்தான் வியன்னாவில் இளம் அரசி பட்டத்துக்கு வந்தாள். அக்கம்பக்கத்து ராஜாக்களெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல வந்து, போகும்போது ஆளுக்கொரு மாகாணத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். 'என் சொந்தப் பொறுப்பில் ஆயிரம் வீரர்கள் தருகிறேன்' என்று பிரபு கடிதம் எழுதிப் போட்டார். போட்ட பிறகுதான் ஆயிரம் பேருக்கு எங்கே போவது என்று யோசித்தார். ஆள் காட்டில்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் துரத்திக்கொண்டிருந்தாரே, அதே ஆட்கள்!

பபுக் மலைக்காட்டில் அப்போது ஓப்ராட் என்பவன் முப்பத்தெட்டுப் பேருக்கு ஹரம்பாஷாவாக இருந்தான். ஹரம்பாஷா என்றால் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவன். கோட்டை வாசலில் அவன் பெயருக்கென்றே ஒரு கயிறு எண்ணெய் போட்டுத் தயாராகத் தொங்கியது. வருஷா வருஷம் புதுக் கயிறு மாற்றினார்கள். அந்த விஷயத்தில் அரசாங்கத்தைக் குறை சொல்லவே முடியாது. ஓப்ராட்டுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பட்டப்பகலில், தன் வீட்டு முற்றத்தில், பெண்டாட்டி ஸ்தானா பக்கத்திலிருக்க, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பை பிளம் சாராயம் குடிக்கவேண்டும். பிள்ளை பாயா பிறந்து ஏழு மாசமாகியும் அவன் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றுதான் முகத்தைப் பார்த்திருந்தான்.

பிரபு வெள்ளைத் துணியைக் குச்சியில் கட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்கு வந்தார். தைரியசாலி. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பாவம்.

"இப்போ என்ன தொழில் பண்றே ஓப்ராட்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே பிரபு! வழிப்பறிதான். போன மாசம் உங்க பன்னிங்களைக்கூட..."

"சரி சரி. அதையே கொஞ்சம் மேற்கால போய்ப் பண்றியா?"

"இங்கேயே நல்லாத்தானே நடக்குது."

"இங்க பண்ணினா கொள்ளைடா. பவேரியாவுல பண்ணினா போர்."

ஓப்ராட் தாடியைச் சொறிந்தான். "பதவி ஏதாச்சும் உண்டா?"

"இப்போ உன் பயலுங்க உன்னை என்னன்னு கூப்பிடுறானுங்க?"

"ஹரம்பாஷான்னு."

"அப்போ ராணுவத்துலயும் அதேதான். பதவி பேரு ஹரம்பாஷா. நீ புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம்."

"கயிறு?"

"மன்னிப்புப் பத்திரம் வாங்கித் தர்றேன். அரசி முத்திரையோட."

ஓப்ராட் படிக்காதவன், முட்டாள் அல்ல. "வாய்ச்சொல்லு வேணாம் பிரபு. எங்க வீட்டுக்குக் கூம் ஆயிடுங்க. அப்புறம் நரகத்துக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி உறவு அறுந்தாலும் அறும், கூம் உறவு அறாது. பிள்ளையின் தலைமுடியை முதன்முதலில் கத்தரிப்பவன்தான் கூம். கத்தரித்த நிமிஷத்திலிருந்து இரண்டு வீடும் ஒரு வீடு. கூம் வீட்டுப் பொருளைத் தொட்ட கை விளங்காது. கூமைக் காட்டிக்கொடுத்தவனைப் புதைத்தால் மண் ஏற்காது. துருக்கியனோடு வெட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில்கூட, எதிரி கத்தியைப் போட்டுவிட்டு, 'கடவுள் பேரால, புனித யோவான் பேரால, கூமே!' என்று கூப்பிட்டுவிட்டால் ஓங்கின கையை இறக்கியே ஆகவேண்டும். மறுத்தால் ஏழு தலைமுறைக்குப் பாவம். மதம் பார்ப்பதில்லை, மொழி பார்ப்பதில்லை. கத்தரிக்கோல் இருந்தால் போதும்.

பிரபு அன்றைக்கே வந்து பாயாவின் தலையில் மூன்று இடத்தில் முடி வெட்டினார். குழந்தை அவர் மடியை நனைத்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"பரிசு?" என்றாள் ஸ்தானா. கூம் என்றால் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தாகவேண்டும்.

"உன் பிள்ளைக்கு அவன் அப்பன் கழுத்தையே பரிசாத் தர்றேன்மா! பத்திரம் வியன்னாவுலேர்ந்து வந்துட்டே இருக்கு" என்று பிரபு இடது மார்பைத் தட்டினார்.

இப்படியே காட்டுக்குக் காடு, தொட்டிலுக்குத் தொட்டில் போய் முடி வெட்டி, இரண்டு மாசத்தில் பண்டூர் என்கிற சிவப்பு அங்கிப் படையாட்கள் ஆயிரம் பேரைத் திரட்டிவிட்டார். எந்தப் பேரரசும் இதுவரை கண்டுபிடிக்காத ஆள்சேர்ப்பு முறை. தலைநகரத்து அதிகாரிகள் இவர்களுக்கு 'ஒழுங்கற்ற படை' என்று பெயர் வைத்தார்கள். ஒழுங்கற்ற படைக்கும் ஒழுங்கு வேண்டுமல்லவா? அதற்காக ஓர் ஆய்வாளர் பவுடர் போட்ட தலையோடு வந்து, பதினேழு விதிகளைப் படித்தார். பண்டூர்கள் மொட்டைத் தலையும் ஒற்றைக் குடுமியுமாக வரிசையில் நின்று கேட்டார்கள்.

"விதி நாலு. கொள்ளையடிக்கக் கூடாது" என்றார் ஆய்வாளர்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. இரண்டு பேர் அங்கியைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"இருங்கப்பா! விதி அஞ்சு. தேவையானதை 'சேகரித்துக்' கொள்ளலாம்."

அங்கி மறுபடி ஏறியது. ஓப்ராட்டின் வலதுகையான சீமோ கையைத் தூக்கினான். "ஐயா, ஒரு சந்தேகம். ஒரு மாடு தானா எங்க பின்னால வந்துச்சுன்னா?"

"தானா வருமா?"

"கயித்தை நாங்க புடிச்சிருப்போம். ஆனா தானாத்தான் வரும்."

ஆய்வாளர் ஏடுகளைப் புரட்டினார். நெற்றியைத் துடைத்தார். "எதிரி தரப்பிலேர்ந்து தப்பி வந்த மாடுன்னு கருதி, அதுக்கு அடைக்கலம் கொடுக்கலாம்."

"அடைக்கலம் கொடுத்த மாட்டைத் திங்கலாமா?"

"அது விதி ஒம்போதுல வருது. பசியைப் பொறுத்தது."

இதைவிடத் தெளிவான சட்டத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

படையெடுப்பைப் பற்றி என்ன சொல்ல! முரசும் துருக்கிக் குழலும் ஊதிக்கொண்டு பண்டூர்கள் வருகிறார்கள் என்றாலே பவேரிய ஊர்கள் காலியாகிவிடும். பிரபு சண்டை போட்ட நேரத்தைவிட அறிக்கை எழுதிய நேரம்தான் அதிகம். ஒரு மாவரைக்கும் ஆலையைக் கொளுத்தினார்கள். அறிக்கையில் அது 'நீரால் அரண் செய்யப்பட்ட கோட்டை' ஆயிற்று. ஒரு குளத்தில் நாற்பது வாத்துகளைப் பிடித்தார்கள். 'எதிரியின் நீர்ப்படை முழுவதும் சிறைபிடிக்கப்பட்டது, பிழைத்தவர் இல்லை' என்று எழுதினார். தலைநகரில் அதற்காகத் தேவாலய மணி அடித்தார்களாம். சேகரித்த வெள்ளி விளக்குகள், கடிகாரங்கள், பட்டு மெத்தைகள் எல்லாம் பிரபுவின் ஏழு வண்டிகளில் ஏறின. பண்டூர்களுக்கு வாத்து.

ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு ஓப்ராட் பிரபுவின் கூடாரத்துக்கு முன்னால் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

"கூமே, அந்தப் பத்திரம்..."

"வந்துடுச்சு கூமே, வந்துடுச்சு! அரசி கையெழுத்தும் ஆயாச்சு. மைதான் இன்னும் காயல்ல."

"நாலு மாசமாவா?"

"அரசாங்க மைடா. சாதாரண மையா? இன்னும் ஒரே ஒரு ஊரு. அதுக்குள்ள காஞ்சுடும்."

ஓப்ராட்டுக்கு மையைப் பற்றி என்ன தெரியும், பாவம்! சீமோவிடம் வந்து, "ரொம்பக் கெட்டியான மை போலிருக்குடா" என்பான். சீமோ காறித் துப்புவான். இப்படியே ஒரு வருஷம் போய் இரண்டாம் வருஷமும் பாதி போனது. பாயா முற்றமெல்லாம் ஓடி விளையாடுகிறான் என்று ஊரிலிருந்து வந்த புதுப் பண்டூர் ஒருவன் சொன்னான். ஓப்ராட் அன்றைக்குப் பிரபுவின் கூடாரத்துக்கு முன்னால் இரண்டு தடவை போய் நின்றான்.

இரண்டாம் வருஷக் கோடையில்தான் ஆவெர்லிங் வந்தது. ஆற்றங்கரையில் சின்ன ஊர், சுற்றிலும் கோதுமை வயல். காலை எட்டு மணிக்கு நானூறு பண்டூர்கள் முரசறைந்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். பிரபு வண்டிகளை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் இருந்த பண்ணை வீட்டில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உத்தரவு சுருக்கமாக இருந்தது. மத்தியானத்துக்குள் சேகரி, அப்புறம் கொளுத்து.

ஊர் ஓடவில்லை. அதுதான் முதல் அதிசயம். வாசல் திறந்தே கிடந்தது. நடுத்தெருவில் பீர்க்கடை நடத்தும் கிரெசென்ட்ஸ் அம்மாள், கொழுகொழுவென்று ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் ஆட்டுமயிர் வெட்டும் கத்தரியோடு நின்றாள். இந்த அம்மாள் கல்யாணமான புதிதில் புருஷனோடு படகேறி, ஆற்றோடு இறங்கி, எங்கள் ஸ்லவோனியாவில் குடியேறியவள். பதினோரு வருஷம் எங்கள் கொசுக்கடியைத் தின்று, காய்ச்சலுக்குப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள். மற்றவர்கள் எங்கள் நாட்டிலிருந்து பிளம் சாராயம் கொண்டுபோவார்கள். அவள் வழக்கத்தைக் கொண்டுபோயிருந்தாள்.

தீப்பந்தத்தோடு முன்னால் வந்தவன் ஓப்ராட். அவள் அவனை நேராகப் பார்த்து, எங்கள் மொழியிலேயே, அதுவும் சேற்று நாட்டுக் கொச்சையில், தெருவே அதிரக் கத்தினாள்.

"கூமே! கடவுள் பேரால, புனித யோவான் பேரால! என் அண்ணன் மகளோட புள்ளைக்கு முடி வெட்டிவிடு!"

ஓப்ராட்டின் கை அந்தரத்தில் நின்றது.

"அடியாத்தி! எங்க பேச்சு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஊரு கொசுகிட்டக் கத்துக்கிட்டேன். வெட்டுறியா, இல்ல ஏழு தலைமுறைக்குப் பாவம் சுமக்குறியா?"

"ஏம்மா, நாங்க கொள்ளையடிக்க வந்திருக்கோம்மா. வேலை நேரத்துல இப்படியெல்லாம் கேட்டா எப்படி?"

"முதல்ல வெட்டு. அப்புறம் முடிஞ்சா கொள்ளையடி."

அவன் சீமோவைப் பார்த்தான். சீமோ வானத்தைப் பார்த்தான். வேறு வழி? ஓப்ராட் தீப்பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கத்தரியை வாங்கினான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. சொந்தப் பிள்ளையை அவன் இப்படித் தூக்கினதே கிடையாது. அவன் கண் கலங்கிப்போயிற்று.

அவ்வளவுதான், எல்லா வீட்டுக் கதவும் திறந்தன. கிரெசென்ட்ஸ் அம்மாள் முந்தின நாளெல்லாம் ஊருக்கே அந்த ஒரு வாக்கியத்தைப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். "கூமே! கூமே!" என்று தெருவெல்லாம் ஒரே கூச்சல். பண்டூர்கள் அரிவாள் போல வளைந்த கத்தியாலும் இரவல் கத்தரியாலும் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினார்கள். குழந்தைகள் தீர்ந்துபோனதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் தீர்ந்ததும் நாற்பது வயதுக் கணக்கப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே சீமோ முன்னால் மண்டியிட்டார். கடைசியில் மேயர் வந்து தொப்பியைக் கழற்றினார். தலை பளபளவென்று இருந்தது.

"ஐயா, வெட்ட ஒண்ணுமில்லையே!" என்றான் ஒரு பண்டூர்.

மேயர் வீட்டுக்குள் ஓடிப்போய்த் தன் பொய்முடியைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் வெட்டினார்கள். செல்லுமா செல்லாதா என்று ஐந்து நிமிஷம் வாக்குவாதம் நடந்தது. செல்லும் என்று முடிவாயிற்று.

இப்போது பரிசு கொடுக்கவேண்டுமே! நானூறு பண்டூர்களிடமும் சொந்தமாக இருந்தது பேன் மட்டும்தான். ஊர் வாசலில் பிரபுவின் ஏழு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. கூமுக்குப் பரிசு கொடுக்காவிட்டால் பாவம். பிரபு பொருளை எடுத்தால் வெறும் குற்றம். எங்கள் ஆட்கள் ஒரு நொடியும் தயங்கவில்லை. தொட்டிலில் கிடந்த பச்சைக் குழந்தைக்கு ஆளுயரச் சுவர்க்கடிகாரம் வந்தது. மேயருக்குப் பட்டு மெத்தை. கணக்கப்பிள்ளைக்கு ஒரு வெள்ளி விளக்கும், கூண்டோடு ஒரு கிளியும். பதினோரு மணிக்கு ஏழு வண்டிகளிலும் வைக்கோல்தான் மிச்சம்.

மத்தியானம் புகை வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிரபு, குதிரையில் வந்து சேர்ந்தார். ஊரே நடுத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. பண்டூர்கள் மடியில் ஆளுக்கொரு குழந்தை.

"டேய்! என்னடா இது? வண்டியெல்லாம் எங்கடா?"

"கூம் வீட்டுக்குப் போயிடுச்சு பிரபு" என்றான் ஓப்ராட்.

"திரும்ப எடுங்கடா! ஊரைக் கொளுத்துங்கடா!"

"கூம் வீட்டுப் பொருளை எடுத்தா கை விளங்காது. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே எனக்குக் கூம்தானே."

பிரபுவின் முகம் வெந்த பீட்ரூட் நிறமாயிற்று. ஆனால் பெரிய மனிதர் என்றால் சும்மாவா? மறுநிமிஷமே சிரித்தார். கிரெசென்ட்ஸ் அம்மாள் ஒரு குழந்தையை அவரிடமும் நீட்ட, "புனித யோவான் பேரால!" என்று அழகாக முடி வெட்டி, நெற்றியில் முத்தமும் கொடுத்தார். ஊரே அவரை வாழ்த்தியது. பிறகு பண்டூர்களை வரிசையில் நிறுத்தி, இரண்டு கல் தொலைவுக்கு அப்பால் கூடாரம் போடச் சொல்லி அனுப்பினார். தாம் மட்டும் பக்கத்துக் கிராமத்துக்குக் குதிரையைத் திருப்பினார். அங்கே வெள்ளைச் சட்டைக் குதிரைப்படை ஒன்று தங்கியிருந்தது. அது 'ஒழுங்கான' படை.

ஒழுங்கு என்றால் அதைத்தான் சொல்லவேண்டும். எழுத்து மூலம் உத்தரவு, மூன்று நகல். சாமான்களில் பாதி பிரபுவுக்கு, பாதி அவர்களுக்கு. மாலை நான்கு மணிக்குக் கொம்பு ஊதி, வரிசை கலையாமல் வீடு வீடாகச் சாமான்களை வெளியே எடுத்து, வரிசை கலையாமல் கொளுத்தினார்கள். அவர்களில் யாரும் யாருக்கும் கூம் இல்லை.

கூடாரம் அடித்துக்கொண்டிருந்த ஓப்ராட் திரும்பிப் பார்த்தான். ஆவெர்லிங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சீமோ! நம்ம பிள்ளைங்கடா!"

ஓடினான். அவன் பின்னால் நூறு பேர் ஓடினார்கள். எரிகிற வீடுகளுக்குள் புகுந்து தொட்டில்களை இழுத்தார்கள். ஓப்ராட் பீர்க்கடைக்குள் மூன்று தடவை போய் வந்தான். கிரெசென்ட்ஸ் அம்மாளையும், காலையில் அவன் மீசையை இழுத்த குழந்தையையும் காப்பாற்றினான். கணக்கப்பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் பதினாறு பேரையும் முடியவில்லை. அவன் மடியில் குழந்தையோடு, மேலெல்லாம் கரியோடு தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருக்கும்போதுதான் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து கையைக் கட்டினார்கள். கையில் கரி இருந்தது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கேதான் பிரபுவுக்குச் சின்னச் சிக்கல். ஆவெர்லிங் எதிரியின் ஊர் அல்ல; அரசிக்கு வேண்டிய ஒரு மடாதிபதியின் ஊர். அவர் வியன்னாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். யாரையாவது தூக்கில் போட்டே ஆகவேண்டிய நிலை. பிரபு கவலைப்படவில்லை. ஒழுங்கற்ற படை வைத்திருப்பதன் பயனே அதுதானே!

'உயர் ஒழுங்கு மன்றம்' ஒரு திங்கட்கிழமை காலையில் கூடியது. மூன்று நீதிபதிகள், மூன்று பொய்முடிகள். கொளுத்தியது ஓப்ராட்தான் என்று பிரபு முன்னதாகவே சாட்சி எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஊரைக் கொளுத்தினியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க."

"கொளுத்தச் சொல்லி உத்தரவு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. பிரபு சொன்னாரு."

"உத்தரவு இருந்தும் நீ கொளுத்தல்ல?"

"கொளுத்தலீங்க."

மூவரும் கூடிப் பேசினார்கள். "கொளுத்தியிருந்தா தீவைப்புக் குற்றம். கொளுத்தல்லன்னா உத்தரவை மீறின குற்றம். ரெண்டுக்கும் தூக்குதான். இருந்தாலும் இந்த மன்றம் கருணையுள்ளது. எது வேணும்னு நீயே தேர்ந்தெடுத்துக்கலாம்."

"மூணாவதா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஏட்டுல இல்ல."

கிரெசென்ட்ஸ் அம்மாள் ஒன்பது நாள் நடந்து சாட்சி சொல்ல வந்திருந்தாள். புருவமெல்லாம் கருகிப்போயிருந்தது.

"கொளுத்தினது வெள்ளைச் சட்டைக்காரங்க. என்னையும் குழந்தையையும் தூக்கிட்டு வந்தது இவன்" என்றாள்.

"இவன் உனக்கு என்ன உறவு?"

"கூம்."

"உறவுக்காரங்க சாட்சி செல்லாது. அடுத்தது."

ஓப்ராட்டுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. "ஐயா, அப்போ பிரபுவும் எனக்குக் கூம்தாங்க. அவரு சாட்சி மட்டும் எப்படிங்க செல்லும்?"

"பிரபுக்களுக்குக் காட்டுல உறவு கிடையாது. அது மூடப்பழக்கம்."

"அப்போ இந்தம்மாவுக்கு?"

"இந்தம்மாவுக்கு உறவு. பிரபுவுக்கு மூடப்பழக்கம். எழுதிக்குங்க" என்றார் தலைவர். எழுதிக்கொண்டார்கள்.

அப்போது ஓப்ராட் பிரபுவின் பக்கம் திரும்பினான். விலங்கோடு மண்டியிட்டான்.

"கூமே! கடவுள் பேரால, புனித யோவான் பேரால! எம்புள்ளைக்கு முடி வெட்டின கை அது. அந்தப் பத்திரம் மட்டும் வந்துச்சுன்னா, என்னைக் காட்டுத் திருடன்னு சொல்றாங்களே, அந்த வாயாவது அடங்கும். யாரு கொளுத்தினாங்கன்னு நீங்களும் சொல்லுங்க. ஒரு வார்த்தை!"

பிரபுவின் கை மெல்ல எழுந்து இடது மார்புக்குப் போனது. கோட்டுக்குள் நுழைந்தது. ஓப்ராட் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கை வெளியே வந்தது. அதில் ஒரு கைக்குட்டை இருந்தது.

பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவன் எனக்குக் கூம்தான். நான் மறைக்கல்ல. மூடப்பழக்கமா இருந்தாலும் எனக்கு மனசு கேக்கல்ல. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரொம்ப நாள் சிறையில போட்டு வதைக்காதீங்க. நாளைக்கே முடிச்சுடுங்க."

நீதிபதிகளே உருகிப்போனார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். வேண்டுகோள் உடனே ஏற்கப்பட்டது. அதே கூட்டத்தில், ஒழுங்கற்ற படையில் ஒழுங்கை நிலைநாட்டியதற்காகப் பிரபுவுக்குத் தங்கப் பதக்கம் வழங்கவும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

சீமோவைக் கடைசியாகப் பார்க்க விட்டார்கள். "ஸ்தானாகிட்ட சொல்லு. கூம் வீட்டுப் பரிசு இன்னும் வரல்ல. நேர்ல போய் வாங்கிக்கச் சொல்லு. பையனுக்குச் சேரவேண்டியது" என்றான் ஓப்ராட்.

பிரபு ஊர் திரும்பியதும் பதக்கத்துக்காகத் தோட்டத்தில் விருந்து வைத்தார். மாவட்டப் பெரிய மனிதர்களெல்லாம் பன்றிக்கறியும் கையுமாக இருந்தபோது, ஸ்தானா இரண்டரை வயதுப் பாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக நேரே உள்ளே வந்தாள். கூம் வீட்டுக்காரியைத் தடுக்க வேலைக்காரர்களுக்குத் துணிவில்லை.

"பரிசு வாங்க வந்திருக்கோம், கூமே" என்றாள்.

இத்தனை பேர் பார்க்கிறார்கள். அந்தக் காகிதமும் இனி எதற்கு? பிரபு எழுந்தார். இடது மார்பிலிருந்து நான்காக மடித்த பத்திரத்தை எடுத்து, குழந்தை கையில் கொடுத்து, "சொன்ன சொல் தவறினவன் இல்ல இந்தக் காஸ்பர்!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்தக் கோலத்தில்தான் பின்னால் சிற்பி அவரைச் செதுக்கினான்.

ஸ்தானா அதைக் கவ்ரோ சாமியாரிடம் கொண்டுபோனாள். ஊரில் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எழுதியிருக்கு சாமி?"

"'ஓப்ராட்டின் குற்றங்கள் யாவும் மன்னிக்கப்பட்டன. இன்றுமுதல் இவனைக் கொள்ளைக்காரன் என்று எவரும் அழைக்கலாகாது. இவன் தன் வீட்டில் நிம்மதியாக வாழலாம்.' முத்திரை இருக்கு. கையெழுத்து இருக்கு."

"தேதி?"

சாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாயாவுக்கு முடி வெட்டின மூணாவது வாரம். படை கிளம்பறதுக்கு முன்னாடி."

"மை காயல்லன்னு சொன்னாரே!" என்றாள் ஸ்தானா. விரலை எச்சிலில் தொட்டு, அந்தக் கையெழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஆகவே பெரியோர்களே, சட்டத்தைச் சட்டமாகவே பேசுவோம். அந்தத் திங்கட்கிழமை, மூன்று பொய்முடிகளும் ஒரு தங்கப் பதக்கமும் கூடியிருந்த அந்த மன்றத்தில், 'இவன் கொள்ளைக்காரன் அல்லன்' என்று அரசியின் முத்திரையோடு பத்திரம் இருந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவனைத் தூக்கில் போட்டது அவர்கள். சிலை வைத்தது நாங்கள்.